பத்து நிமிடத்தில் ஐந்து ஃபவுல் வாங்குவது எப்படி?

கூடைப்பந்து அணியில் உங்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஏன் சேர்த்தார்கள் என்பதில் மட்டும் மயக்கம் வேண்டாம். நீங்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் அது உங்கள் கால் கட்டைவிரலில் பட்டு வெளியே ஓடுகிறது. கூடையைப் பார்த்து எறிந்தால் போர்டுக்குப் பின்னால் நிற்கும் வேப்பமரத்துக்குப் போகிறது. உங்களிடம் உள்ள சொத்து 6 அடி 2 அங்குல உயரம், 90 கிலோ எடை, சொன்னதைக் கேட்கும் சுபாவம். இப்படி ஒரு ஆள் கிடைத்தால் எந்தக் கோச்சும் ஒரே ஒரு வேலைதான் கொடுப்பார்: "நீ போய் ஸ்கிரீன் போடுறா தம்பி."

ஸ்கிரீன் என்றதும் சினிமாத் திரையை நினைத்துக்கொள்ளாதீர்கள். தேரோட்டத்தில் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்களே, அதற்கு நெருக்கமான சமாச்சாரம். உங்கள் அணிக்காரன் ஒருவன் பந்தோடு வருகிறான். எதிரணிக்காரன் ஒருவன் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு அவன் கூடவே வருகிறான். நீங்கள் போய் அந்த எதிரணிக்காரனின் வழியில் மரம் மாதிரி நிற்கிறீர்கள். உங்கள் ஆள் உங்கள் தோளை உரசிக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறான். துரத்தி வந்தவன் உங்கள் நெஞ்சில் மோதி நிற்கிறான். அந்த ஒரு விநாடியில் உங்கள் ஆளுக்குக் கூடை காலியாகக் கிடைக்கிறது. கைதட்டல் அவனுக்கு. நெஞ்சுவலி உங்களுக்கு.

இதைச் சட்டப்படி செய்வது எப்படி என்று சொல்லித்தர ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால் 40 நிமிடமும் வெயிலில் நின்று இடி வாங்க வேண்டியதுதான். நான் சொல்லப்போவது வேறு வழி. சர்வதேச விதிப்படி ஓர் ஆட்டக்காரருக்கு 5 ஃபவுல். ஐந்தாவது விழுந்ததும் பெஞ்சுக்குப் போய்விடலாம். அங்கே நிழல் இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது. போட்டி நடத்துகிறவர் தாராளமானவராக இருந்தால் சாத்துக்குடியும் குளுக்கோஸும் இருக்கின்றன. அந்த நிழலுக்கு உங்களைக் குறுக்கு வழியில் அழைத்துப்போவதுதான் இந்தக் கையேட்டின் நோக்கம். எழுத என்ன தகுதி என்று கேட்கலாம். கல்லூரி நாட்களில் ஒரு சனிக்கிழமை மாலை, எட்டே நிமிடத்தில் ஐந்தும் வாங்கி உட்கார்ந்தவன் நான். ஐந்தும் ஸ்கிரீனிலேயே வாங்கியவை.

முன்னோர்களுக்கு இந்த வசதி இன்னும் சுலபமாக இருந்தது. 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய ஆதி விதிகள் 13-தான். தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, தடுக்கிவிடுவது எல்லாம் குற்றம் என்று எழுதிவிட்டு, இரண்டாவது குற்றத்துக்கே ஆளை வெளியே அனுப்பச் சொன்னார், அடுத்த கோல் விழும்வரை. இப்போது ஐந்து வரை உழைக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு ஆறு.

முதல் ஃபவுலை நகர்ந்து வாங்குங்கள். எல்லாவற்றிலும் எளிது இதுதான். யோசிக்கவே வேண்டாம், உடம்பே பார்த்துக்கொள்ளும். விதி கேட்பது இரண்டு விஷயம்: மோதல் நடக்கும் கணத்தில் ஸ்கிரீன் போட்டவர் அசையாமல் நிற்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும். இதில் எதை மீறினாலும் போதும். எதிராளி இடதுபக்கம் நழுவப் பார்ப்பான். "ஐயோ, போகிறானே" என்று உங்கள் மனசு பதறும். மனசோடு சேர்ந்து இடது காலும் அரை அடி போகும். இடிப்பான். விசில். வேலை முடிந்தது.

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நகர்ந்தாலே ஃபவுல் என்று நம்பி, மைதானம் முழுக்கப் பேய் பிடித்தவர் போல நகர்ந்துகொண்டே இருப்பார்கள். நடுவர் கண்டுகொள்ளவே மாட்டார். கேலரியில் இருக்கும் மாமா மட்டும் "மூவிங், மூவிங்" என்று கத்துவார். மாமாவுக்கு விதி தெரியாது. மோதல் இல்லையென்றால் குற்றமே இல்லை. நீங்கள் குறுக்கே பரதநாட்டியமே ஆடினாலும், எதிராளி உங்கள் மேல் படாமல் சுற்றிப் போய்விட்டால் நடுவர் ஏன் ஊதப்போகிறார்? ஆகவே நகர்வது பாதி வேலைதான். நகரும்போதே தொட்டும் ஆக வேண்டும்.

ஒரு நுட்பம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் போட்டுவிட்டுத் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுவதை ரோல் என்பார்கள். எதிராளி மோதுவதற்கு அரை விநாடி முன்பே அந்த ஓட்டத்தைத் தொடங்கிவிடுங்கள். நீங்கள் கூடைக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் இடுப்பு அவன் வழியில் கிடக்கும். நகர்கிற இடுப்பு. கோச் உங்கள் ஆர்வத்தைப் பாராட்டுவார், நடுவர் ஃபவுல் எழுதுவார். இருவரிடமும் நல்ல பெயர்.

நகராமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குக் காட்டியவர் எங்கள் பள்ளி பி.டி. மாஸ்டர். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்து வந்தவர். நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தது ஒய்.எம்.சி.ஏ. பள்ளியில், எனக்கு வாத்தியாரைத் தயாரித்ததும் ஒய்.எம்.சி.ஏ. தப்பிக்க வழியே இல்லை. ஒருநாள் அவர் ஒரு பழைய சைக்கிள் டயரைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தார். சிமெண்ட் தரையில் அதைப் போட்டு, "இதுக்குள்ள நில்லு" என்றார். நின்றேன். "இந்த டயர்ல இருந்து நேரா மேல வானம் வரைக்கும் உன் வீடு. கைய நீட்டினா, கால நீட்டினா, குனிஞ்சா அது அடுத்தவன் வீடு. புரியுதா?" தலையாட்டினேன். பையன்களை ஒவ்வொருவனாக ஓடிவந்து என்னைச் சுற்றிப் போகச் சொன்னார். நான் என்னவோ சிலை மாதிரி நிற்பதாகத்தான் நினைத்தேன். இருபது பேர் போன பிறகு மாஸ்டர் விசில் அடித்துவிட்டுக் கீழே காட்டினார். டயர் அதன் பழைய இடத்திலிருந்து ஒரு கஜம் தள்ளிக் கிடந்தது. நான் டயரையும் காலால் இழுத்துக்கொண்டே போயிருக்கிறேன்.

"நிக்கச் சொன்னா, கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கிறவன் மாதிரி எதிர்ல போய்ப் போய் கூட்டிட்டு வர்றியேடா" என்றார்.

அவர் டயரால் காட்டியதற்கு விதிப்புத்தகத்தில் உருளை என்று பெயர். ஒவ்வொருவருக்கும் ஒரு கற்பனை உருளை உண்டு. முன்னால் உள்ளங்கை வரை, பின்னால் பிட்டம் வரை, பக்கவாட்டில் கை கால்களின் வெளி விளிம்பு வரை. கைகள் பாதத்தைத் தாண்டி முன்னால் போகக் கூடாது, முழங்கை மடங்கியிருக்க வேண்டும். உயரமானவருக்கு உருளை சற்றுப் பெரியது. குள்ளமானவருக்குச் சிறியது. ரேஷன் கார்டு இல்லாமலே எல்லாருக்கும் கிடைக்கும் ஒரே மனை இதுதான். அதற்கும் பட்டா நடுவர் கையில்.

இரண்டாவது ஃபவுல் இந்த மனை எல்லையைத் தாண்டுவதில் இருக்கிறது. பாதம் அசையாவிட்டாலும் மற்ற உறுப்புகள் அசையும் என்பது இயற்கை நமக்குத் தந்த வரம். எதைப் பயன்படுத்தலாம் என்பது உங்கள் ரசனை. காலை அகட்டி வைப்பது ஒரு வழி. கபடியில் பிடிக்கக் காத்திருப்பவர் மாதிரி அகட்டி நின்றால், விலகிப் போகிறவன் முழங்காலில் தடுக்கி விழுவான். தோளைச் சாய்ப்பது இன்னொன்று. முழங்கையை உயர்த்துவது ஆபத்து. அது முகத்தில் பட்டால் சாதாரண ஃபவுலோடு போகாது, வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். நமக்கு வேண்டியது பெஞ்ச், பஸ் ஸ்டாண்டு அல்ல. என் தனிப்பட்ட சிபாரிசு இடுப்பு. பாதம் ஆணி அடித்தது போல் நிற்கும், முகம் புத்தர் மாதிரி இருக்கும், இடுப்பு மட்டும் கூட்ட நெரிசல் பஸ்ஸில் பின்னால் இடம் பண்ணிக்கொள்கிறவருடையது போல மெல்ல வெளியே வரும். பார்ப்பவருக்குத் தெரியாது. இடிபட்டவனுக்கு மட்டும் தெரியும். நடுவர் பழகியவர் என்றால் அவருக்கும் தெரியும், ஏனென்றால் அவரும் அந்த பஸ்ஸில்தான் வந்திருப்பார்.

கையால் ஜெர்சியைப் பிடித்துக்கொள்வது பற்றிக் கேட்பீர்கள். அது ஸ்கிரீனே அல்ல, வெறும் பிடித்தல். கலையம்சம் இல்லை. விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பின்பக்கம். இது பண்பாடு சார்ந்த விஷயம் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ரசத்துக்கு வந்திருக்கிறீர்கள், பாயசம் இன்னும் வரவில்லை. அதற்குள் உங்கள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றுவிட்டார். அடுத்த பந்திக்கு இடம் பிடித்திருக்கிறார். நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. கை கழுவ எழுந்து, நாற்காலியைத் தள்ளி, பின்னால் ஒரு காலடி வைக்கிறீர்கள். எச்சில் கை அவர் பட்டு வேட்டியில். யார் குற்றம்? நம் ஊரில் நீங்கள்தான் மன்னிப்புக் கேட்பீர்கள். கூடைப்பந்து விதி உங்கள் பக்கம். நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் பார்வைக்கு வெளியே ஸ்கிரீன் போடுகிறவர், அவர் திரும்பி ஒரு சாதாரணக் காலடி எடுத்து வைக்க இடம் விட்டுத்தான் நிற்க வேண்டும். அந்த ஒரு காலடிக்குள் ஒட்டி நின்று மோதல் வந்தால் ஃபவுல் ஒட்டி நின்றவருக்கே.

எதிரில் அல்லது பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் என்றால் சங்கதி வேறு. தொடாத வரை எவ்வளவு நெருக்கமாக வேண்டுமானாலும் நிற்கலாம். அப்பளம் பரிமாறுகிறவர் இலைக்கு மேல் மூக்கை நீட்டுகிறார், நாம் ஒன்றும் சொல்வதில்லையே. தெரிந்து வருகிற நெருக்கத்துக்கு மன்னிப்பு உண்டு. தெரியாமல் முதுகில் வந்து நிற்பதற்குக் கிடையாது. இந்த ஆட்டத்தின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இடிப்பது பற்றிய விதி மாதிரி தெரியும், உண்மையில் பார்ப்பது பற்றிய விதி. வருகிறவன் உன்னைப் பார்க்க முடிந்ததா, பார்த்த பிறகு நிற்கவோ விலகவோ அவனுக்கு இடம் இருந்ததா? இவ்வளவுதான் நடுவர் கேட்பது.

சாதாரணக் காலடி என்றால் எத்தனை சென்டிமீட்டர் என்று வக்கீல் போலக் கேட்காதீர்கள். யாரும் டேப் வைத்து அளப்பதில்லை. நடுவருக்கு எது சாதாரணம் என்று படுகிறதோ அது. நீங்கள் செய்ய வேண்டியது, எதிராளியின் முதுகுக்குப் பின்னால் போய், அவன் பனியன் வியர்வை உங்கள் மேல் படுகிற தூரத்தில் மூச்சுவிடாமல் நிற்பது. பிறகு உங்கள் ஆள் வெட்டி ஓடுவான். இவன் திரும்புவான். முகமும் மூக்கும் உங்கள் நெஞ்சில். மூன்றாவது ஃபவுல். எதிராளியின் கூட்டாளிகள் மட்டும் இதைக் கெடுக்கப் பார்ப்பார்கள். "ஸ்கிரீன் லெஃப்ட், ஸ்கிரீன் லெஃப்ட்" என்று கத்துவார்கள். அவன் காதில் விழுந்து முன்கூட்டியே விலகிவிட்டால் உங்கள் உழைப்பு வீண்.

நான்காவது ஃபவுலுக்கு, ஓடி வருகிறவனைத் தேர்ந்தெடுங்கள். இங்கே விதி கொஞ்சம் பெளதிகம் பேசுகிறது. எதிராளி ஓட்டத்தில் இருந்தால் நேரமும் தூரமும் கணக்கில் வரும். அவன் நின்றுவிடவோ திசை மாறவோ போதுமான இடம் விட வேண்டும். அந்த இடம் ஒரு காலடிக்குக் குறையக் கூடாது. ஆனால் இரண்டு காலடிக்கு மேலும் கேட்க முடியாது. இந்த மேல்வரம்பு பலருக்குத் தெரியாது. எவ்வளவு காற்றாகப் பறந்து வந்தாலும், "நான் வேகமாக வந்தேன், எனக்கு நாலு காலடி வேண்டும்" என்று யாரும் மனுப் போட முடியாது. வேகம் அவன் சொந்தச் செலவு.

நெடுஞ்சாலையில் படுத்திருக்கும் மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.சி.ஆரில் மத்தியான வெயிலில் நேர் சாலையில் படுத்து அசை போடுகிறது. நகரவில்லை. தன் உருளைக்குள் அடக்கமாக இருக்கிறது. கொம்பு கூட வெளியே நீளவில்லை. அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரிகிறது. உலகத்தில் இதைவிடச் சட்டப்படியான ஸ்கிரீன் கிடையாது. மோதினால் குற்றம் உங்கள் மேல்தான். சட்டப்படி ஸ்கிரீன் போடப்பட்டவர்தான் அந்த மோதலுக்குப் பொறுப்பு என்று விதியே சொல்கிறது. இதே சாலையில் ஒரு ஷேர் ஆட்டோவைப் பாருங்கள். கை காட்டியவரைக் கண்டதும் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு உங்கள் முன் சக்கரத்தை உரசிக்கொண்டு பாய்ந்து, சட்டென்று நிற்கும். நின்றுவிட்டது, நான்கு விநாடி கழித்துப் பார்த்தால் அதுவும் மாடு மாதிரிதான் அசையாமல் இருக்கிறது. ஆனால் நீங்கள் பிரேக் போட அது இடம் விடவில்லை. அசையாமல் நிற்பது மட்டும் போதாது, எப்போது வந்து நின்றாய் என்பதும் கணக்கு.

நீங்கள் ஷேர் ஆட்டோவாக இருங்கள்.

ஆரம்பத்தில் தேர் முட்டுக்கட்டை என்றேன். அதையும் திருத்திக்கொள்கிறேன். உருண்டு வருகிற சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் கட்டையைச் செருகுவது அந்தத் தொழிலில் சாமர்த்தியம். கூடைப்பந்தில் அது நேரடி ஃபவுல். தேருக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாது என்பதால் அங்கே யாரும் காலடிக் கணக்குப் பார்ப்பதில்லை.

லிஃப்ட் ஸ்கிரீன் என்று ஒன்றிருக்கிறது, ஆசை காட்டும். இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். நடுவில் ஒரு சந்து. கூட்டாளி அந்தச் சந்தில் ஓடிப் போனதும் இருவரும் லிஃப்ட் கதவு மாதிரி மூடிக்கொள்வார்கள். துரத்தி வந்தவன் கதவில் முட்டுவான். ஸ்டீஃபன் கரிக்காக கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி இதை அழகாகச் செய்யும். மூடி முடித்த பிறகு அவன் முட்டினால் சட்டப்படி சரி. மூடிக்கொண்டிருக்கும்போதே முட்டினால் தவறு. கால் விநாடி வித்தியாசம். இதில் எந்தக் கதவுக்கு ஃபவுல் எழுதுவார்கள் என்று உறுதியில்லை என்பதால் நம் திட்டத்துக்கு ஆகாது. உழைப்பு உங்களுடையது, ஃபவுல் பக்கத்துக் கதவுக்குப் போய்விடலாம்.

நான்கு ஆகிவிட்டது. பத்து நிமிடக் கணக்குத் தவறினாலும் பரவாயில்லை, ஐந்தாவதைக் கடைசி விநாடிக்கு வைத்துக்கொள்வது கெளரவம்.

ஆட்டம் முடியப்போகும்போது இப்படிச் சின்ன ஃபவுலுக்கெல்லாம் ஊத மாட்டார்கள், ஆட்டக்காரர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுவார்கள் என்று டீக்கடைப் பண்டிதர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். 2012 மே மாதம் பாஸ்டன் செல்டிக்ஸுக்கும் பிலடெல்பியா செவன்டி சிக்சர்ஸுக்கும் நடந்த என்.பி.ஏ. பிளே ஆஃப் தொடரின் இரண்டாவது ஆட்டம். முடிய ஏறக்குறைய 10 விநாடி. பாஸ்டனின் கெவின் கார்னெட் போட்ட ஸ்கிரீனுக்கு விசில் வந்தது. கார்னெட் இந்தக் கலையில் பெரிய வித்வான். அசைவது போலவும் இருக்கும், அசையாதது போலவும் இருக்கும். வாழ்நாளெல்லாம் தப்பித்தவருக்கு அன்று மாட்டியது. ஒரே ஒரு புள்ளியில், 82-81 என்று பாஸ்டன் தோற்றது.

இன்னும் பெரிய உதாரணம் 2024 ஏப்ரல் 5. கிளீவ்லேண்டில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அரையிறுதி. கெய்ட்லின் கிளார்க்கின் அயோவா ஒருபக்கம், கனெக்டிகட் மறுபக்கம். அயோவா ஒரு புள்ளி முன்னால். பந்து கனெக்டிகட்டிடம். பெய்ஜ் பியூக்கர்ஸ் பந்து வாங்கிக் கூடைக்கு எறிய வேண்டும் என்பது திட்டம். அவரை விடுவிக்க ஆலியா எட்வர்ட்ஸ் ஸ்கிரீன் போட்டார். அயோவாவின் கேபி மார்ஷல் அதில் வந்து மோதினார். 3.9 விநாடி இருக்கையில் விசில். எட்வர்ட்ஸ் மேல் ஃபவுல். பந்து அயோவாவுக்குப் போனது. 71-69 என்று அயோவா ஜெயித்து இறுதிக்குப் போனது, அங்கே சவுத் கரோலினாவிடம் தோற்றது.

அந்த விசிலைப் பற்றி அமெரிக்காவில் பேசாத வாய் இல்லை. ஊதியது சரி என்று ஒரு கட்சி. அந்த நேரத்தில் போய் ஊதலாமா என்று இன்னொரு கட்சி. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கால் அகட்டி இருந்தது, உடம்பு மார்ஷல் பக்கம் சாய்ந்தது. ஐந்து ஸ்கிரீனில் ஐந்து ஃபவுல் வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன், அது ஃபவுல்தான். முதல் நிமிடத்தில் அதே ஸ்கிரீனுக்கு ஊதியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். ஊதாமல் விட்டிருந்தால் மார்ஷலுக்குச் சேர வேண்டிய அந்த ஒரு காலடியைப் பியூக்கர்ஸுக்குத் தானம் கொடுத்ததாக ஆகும். தானம் கொடுக்க அது நடுவரின் சொத்து இல்லையே. எட்வர்ட்ஸுக்காக எனக்கு வருத்தம் உண்டு. ஸ்கிரீன் போடுகிறவரின் பெயர் தலைப்புச் செய்தியில் வருவது இப்படி ஒரு நாளில்தான்.

சர்வதேச விதிகளில் ஒரு சின்ன ஆறுதல் இருக்கிறது. பந்து உங்கள் அணி வசம் இருக்கும்போது நீங்கள் செய்கிற ஃபவுல் என்பதால் எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்காது. பந்து மட்டும் கைமாறும். வெளியிலிருந்து எறிந்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள். அதனால் கோச் உங்களை மன்னிக்க ஒரு பத்து சதவிகித வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

திட்டத்தைக் கெடுக்கக்கூடிய ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். தவறுதலாக நீங்கள் ஒழுங்கான ஸ்கிரீன் போட்டுவிடலாம். களைப்பில் நடக்கும். ஓடி வந்து, நேரத்துக்கு முன்பே, இரண்டு காலும் ஊன்றி, கையை அடக்கி நின்றுவிடுவீர்கள். எதிராளி பார்ப்பான், இடமும் இருக்கும், அப்படியும் கோபத்தில் உங்களை ஏறி மிதித்துப் போவான். விசில் வரும். ஆசையோடு திரும்பிப் பார்த்தால் ஃபவுல் அவனுக்கு. உங்கள் கணக்கில் நாலுதான். போதாக்குறைக்கு உங்கள் ஆள் கூடை போட்டிருப்பான். கோச் உங்களைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டுவார். இது ஒருமுறை நடந்துவிட்டால் பழக்கமாகிவிடும் என்பதுதான் பயம். என்.பி.ஏ.யில் இதைத் தொழிலாகவே கொண்டவர்கள் இருக்கிறார்கள். ரூடி கோபேர் 7 அடிக்கு மேல். அவர் போட்ட ஸ்கிரீனால் கூட்டாளி எத்தனை கூடை போட்டார் என்பதற்குத் தனிக் கணக்கு வைக்கிறார்கள், அந்தப் பட்டியலின் உச்சியில் அடிக்கடி அவர் பெயர். யூட்டா ஜாஸில் கார்ல் மலோனும் ஜான் ஸ்டாக்டனும் 18 சீசன் சேர்ந்து ஆடினார்கள். மலோன் வந்து நிற்பார், ஸ்டாக்டன் உரசிக்கொண்டு போவார், பந்து திரும்ப மலோனிடம் வரும். ஊரே அறிந்த வித்தை, ஆனாலும் தடுக்க ஆளில்லை. ஸ்டாக்டன் கொடுத்த அசிஸ்ட், அதாவது கூட்டாளியைக் கூடை போட வைத்த பாஸ், 15,806. இன்றுவரை யாரும் எட்டவில்லை. இத்தனைக்கும் ஸ்டாக்டன் வெறும் 6 அடி 1 அங்குலம். தன்னைவிட ஒரு அடி உயரமானவர்களுக்கும் முதுகுப் பக்கம் போய், அந்த ஒரு காலடி இடத்தை விட்டு, அசையாமல் நின்று இடி வாங்குவார். உயரம் போதவில்லை என்று நீங்கள் சாக்குச் சொல்ல முடியாமல் செய்துவிட்ட மனிதர்.

நீங்கள் அந்த வழிக்குப் போக மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஐந்தாவதையும் வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நடுவர் ஓடி வந்து, முஷ்டியை உயர்த்தி, பிறகு இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி நிற்பார். எட்டு மணிக்கு மேல் வீடு திரும்பும்போது அம்மா வாசலில் நிற்கும் அதே தோரணை. முறைக்க வேண்டாம், அதுதான் இந்த ஃபவுலுக்கான சைகை. பிறகு மூடிய முஷ்டியால் உங்கள் கூடைப் பக்கம் காட்டுவார். பந்து வைத்திருந்த அணியே செய்த ஃபவுல் என்று அர்த்தம். ஸ்கோரர் மேசையில் உங்கள் எண்ணுக்கு நேரே ஐந்தாவது கட்டம் நிரம்பும். "நான் சும்மாதானே நின்னேன் சார்" என்று கையை விரியுங்கள். எல்லாரும் சொல்வதுதான், நீங்களும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்காது. அந்தக் கையை விரிக்கும்போதும் உருளை நினைவிருக்கட்டும், பக்கத்தில் எவன் மூக்காவது இருக்கும்.

உங்களுக்குப் பதில் ஆள் 30 விநாடிக்குள் இறங்கியாக வேண்டும், ஆகவே தள்ளாடாமல் நேரே பெஞ்சுக்கு வாருங்கள். வேப்பமர நிழல் விழுகிற கடைசி இடத்தில் ஒரு சிவப்புத் துண்டு கிடக்கும். அது நான் போட்டு வைத்தது. தயவுசெய்து ஒரு காலடி தள்ளி உட்காருங்கள்.